பசை போன மா

பலகாரத்தை மூக்கருகே பிடித்தபடி அவர் நின்றதுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. ஜெர்மனியில் பான் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறை அது, நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, இன்னும் இரண்டு கிழமை இருந்தது. கண்ணை மூடி நன்றாக இழுத்து மணந்துவிட்டு, அதைத் தட்டில் வைத்து எங்களிடம் நீட்டினார். தான் செய்ததைத் தானே வாயில் வைக்காத மனுஷியை நான் அன்றுதான் கண்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. "என்ன, நஞ்சு கிஞ்சு போட்டிருக்கிறீங்களோ?" என்று கேட்டேன். "ஓம், எனக்கு மட்டும் நஞ்சு" என்றார்.

அவர் கிரேக்க நாட்டுக்காரி. அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் அவரை அக்கா என்று கூப்பிட, புதிதாக வந்த ஜெர்மன்காரர்கள் அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். நாங்கள் பேசியது அவரவர் உடைந்த ஜெர்மனில்தான். ஆனாலும் அவர் சொன்னதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணத் தமிழிலேயே ஞாபகம் இருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை. அந்தப் பலகாரத்தின் பெயர் குராபியே. வெண்ணெய், வறுத்த பாதாம், கோதுமை மா, சுட்டெடுத்ததும் கொஞ்சம் ரோஜாப் பன்னீர், அதன் மேல் கை நிறையச் சீனித்தூள். அது இல்லாவிட்டால் அவருக்கு நத்தார் இல்லை. கோதுமையில் உள்ள குளூட்டன் அவருடைய குடலுக்கு ஆகாது என்று வைத்தியர் கண்டுபிடித்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

விடுப்புப் பார்ப்பதில், அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதில், என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கோதுமை இல்லாமல் அதைச் செய்ய முடியுமா என்ற கேள்வி தலைக்குள் புகுந்துவிட்டது, பிறகு விடவில்லை. சோள மாவில் சுட்டோம், மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கடையில் விற்கும் குளூட்டன் இல்லாத மாவில் சுட்டோம், தட்டிலிருந்து எடுக்கும்போதே மணலாக உதிர்ந்தது. அரிசி மா பல்லில் நறநறத்தது. அக்கா ஒவ்வொன்றிலும் ஒரு கடி கடித்து, "பலகாரந்தான், குராபியே இல்லை" என்று சொல்லிவிடுவார். எந்தப் பொதியை எடுத்தாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்து எழுத்தை ஒன்றுவிடாமல் வாசித்த பிறகுதான் பிரிப்பார்.

ஒருநாள் ஒரு மாப் பொதியில் குளூட்டனுக்கு ஜெர்மன்காரர் வைத்திருக்கும் பெயரைப் பார்த்தேன். 'க்ளேபர்' என்று தொடங்கியது. ஒட்டுகிற பசை! எனக்குத் தலையில் விளக்கு எரிந்தது. நாங்கள் புட்டுக்குக் கோதுமை மாவைத் துணியில் கட்டி நீராவியில் அவித்து அரித்தெடுப்பது எதற்கு? பசை போவதற்குத்தானே. சின்ன வயதிலிருந்து கேட்ட பேச்சு, அவித்தால் மாவில் பசை இல்லை. பசைதான் குளூட்டன் என்றால், பசை போன மாவில் குளூட்டன் ஏது? என் கணவரிடம் கேட்டேன். தொலைக்காட்சியில் இருந்த கண்ணை எடுக்காமலே, "நீர் சொல்லுறது சரிதானே" என்றார். வீட்டில் இரண்டு பேருக்கும் அறிவு ஒரே அளவு.

அடுத்த சனிக்கிழமை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவித்த மாவை ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் எடுத்து வைத்திருந்தேன். டப்பாவில் வாசிக்க ஒன்றும் இல்லை. "எங்கடை ஊர் முறை, பசை எடுத்த மா" என்றேன். அவர் கண்ணாடியைத் தேடவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். சுட்டு ஆறியதும் ஒன்றை எடுத்துக் கடித்தார். மெல்லுவதை நிறுத்தினார். பிறகு அதோடு சேர்த்து நான்கு சாப்பிட்டார். தாடையெல்லாம் சீனித்தூள், கண்ணில் தண்ணீர். நான் அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதனன்று தொலைபேசியில் கேட்டார், "நீ போட்டது என்ன மா?" குரல் அடங்கிப்போயிருந்தது. வந்து சொல்லுகிறேன் என்று வைத்துவிட்டேன். "இஞ்சேரும், அரிசிமா எண்டு சொல்லிவிடும், அவவுக்கு என்ன தெரியப்போகுது" என்றார் கணவர். எனக்கும் அந்த ஆசை வந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவர் மறுபடியும் அந்த டப்பாவைக் கேட்டால்? மிஞ்சியிருந்த மாப் பொதியையே கையில் எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலில் இருந்தபடி கண்ணாடியைப் போட்டு வாசித்தார். அவிப்பதைப் பற்றியும் பசையைப் பற்றியும் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். "பசை தன்ரை வேலையைத்தான் விட்டிருக்கு, மாவை விட்டுப் போகேல்லை" என்றார். அவ்வளவு எளிய விஷயம், எனக்குத் தோன்றவில்லை. என்னைப் போகச் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் வேலை விஷயம் தவிர ஒரு சொல் பேசவில்லை. எனக்கு அது வேண்டும்தான்.

பிறகு எப்படியோ பேசத் தொடங்கினோம். இப்போது ஒவ்வொரு மார்கழியும் அவருடைய வீட்டில் சுடுகிறோம். மிக நுண்ணிதாக அரைத்த அரிசி மா, பாதாம் மா, கொஞ்சம் உருளைக்கிழங்கு மா. பொதிகளை நான் உடைக்காமல் கொண்டுபோவேன், அவர் வாசித்துவிட்டு உடைப்பார். நன்றாகத்தான் வருகிறது, வேலையிடத்தில் தட்டு காலியாகிறது. இந்த வருடம் துணிந்து கேட்டேன், அன்றைக்குச் சுட்டதுபோல இருக்கிறதா என்று.

"இல்லை" என்றார். சீனித்தூளை அள்ளித் தூவிக்கொண்டே இருந்தார். "அண்டைக்கு நான் நாலோடை நிப்பாட்டிப்போட்டன். இன்னும் ரெண்டு திண்டிருக்கலாம். எப்பிடியும் மூண்டு நாள் படுத்திருக்கத்தானே வேணும்."

நான் அழுதுவிட்டேன். அவர் வேலையை நிறுத்தாமல் ஒரு கையால் என் முதுகில் தட்டினார். வீட்டுக்கு வந்து கறுப்புச் சட்டையைக் கழற்றியபோதுதான் பார்த்தேன், முதுகில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருந்தன.