ரன் அவுட் ஆனவளைக் கழித்துக் கட்டிய கமிட்டி

1. கழித்தல் கணக்கு

மாவட்டப் பெண்கள் டீமுக்கு செலக்டராகப் போன முதல் கூட்டத்திலேயே கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தவன் நான். திமிர் பிடித்தவன் என்று திருவனந்தபுரம் கிரிக்கெட் வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள். சொல்லட்டும்.

அதற்கு முன்பு பல வருடம் லீக் மேட்ச்களில் அம்பயராக நின்றேன். முட்டி போன பிறகுதான் கமிட்டியில் சேர்த்தார்கள். மூன்று பேர். சேர்மன் கோட்டைக்குள் அக்ரஹாரத்துக்காரர், ஆடிட் ஆபீசில் ரிட்டயர் ஆனவர். இன்னொருவர் சேர்மன் எந்தப் பக்கம் தலையாட்டுகிறாரோ அந்தப் பக்கம் ஆட்டுபவர். மூன்றாவது நான்.

சேர்மனுக்கு ஒரு வியாதி உண்டு. ஆல்ரவுண்டர் என்றால் பேட்டிங் ஆவரேஜில், ஒரு விக்கெட்டுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்கிற பவுலிங் ஆவரேஜைக் கழிப்பார். மிச்சம் அதிகமிருந்தால் பெரிய ஆள். உலகத்தின் பெரிய பெரிய ஆல்ரவுண்டர்களை எல்லாம் இப்படிக் கழித்து வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். தோற்கப்போகிற மேட்ச்சை ஒற்றை ஆளாகத் திருப்பியவர்கள் அந்த வரிசையில் எங்கேயோ கீழே கிடந்தார்கள். டீ குடிக்கும்போது இதைப் பேசினால் சிரித்துவிட்டுப் போகலாம். அதே கழித்தலை நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் மேல் போட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டீமில் ஆல்ரவுண்டருக்கு ஒரே இடம். அனகா, முத்துலட்சுமி என்று இரண்டு பேர். இரண்டு பேரும் ஒரே கிளப். அனகா சிட்டியில் இருப்பவள். முத்துலட்சுமி போனக்காடு டீ எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்துப் பெண். டீமில் பெயர் வந்தால்தான் அவளுக்கு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் இடம். வராவிட்டால் மலையிலிருந்து இறங்குகிற அந்த ஒன்றிரண்டு பஸ்ஸை நம்பித்தான் பிராக்டிஸ்.

சேர்மன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்.

"பாருங்கோ, அனகா எங்க இருக்கா, இவ எங்க இருக்கா. இதுல பேச என்ன இருக்கு?"

2. ஈரப் பந்து

பேச நிறைய இருந்தது. அந்த சீசனில் அவர்கள் கிளப் ஆடிய செமி ஃபைனல், ஃபைனல் இரண்டிலும் அம்பயர் நான்தான், முட்டி போகும் முன் கடைசியாக நின்றவை.

நம் ஊர் மழை தெரியும். நிறுத்துகிற அளவுக்குப் பெய்யாது, பந்தை நனைக்கிற அளவுக்குப் பெய்யும். செமி ஃபைனலில் அப்படித் தூறியது. பந்து சோப்பு மாதிரி வழுக்கியது. கேப்டன் பந்தை நீட்டினாள். அனகா, "கிரிப் கிட்டுந்நில்ல சேச்சி", பிடி கிடைக்கவில்லை என்று கையை விரித்துவிட்டாள். முத்துலட்சுமி பேண்ட்டில் பந்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஃபுல் டாஸ் விழுந்தது, அடியும் விழுந்தது. ஆனாலும் நிலைத்து நின்றிருந்த பேட்டரை எடுத்தவள் அவள்தான். தூறல் நின்று பந்து காய்ந்ததும் அனகா வந்து கடைசி விக்கெட்டுகளை அள்ளினாள். மேட்ச் ஜெயித்தார்கள். அனகாவின் பவுலிங் ஆவரேஜ் ஜம்மென்று ஆனது, முத்துலட்சுமியுடையது நாசமானது.

எங்களுக்குச் சாலை பஜாரில் அரிசி மண்டி இருந்தது. கல்லாவில் உட்கார்ந்தவன் சட்டை கசங்காது. அதற்காக மூட்டை தூக்கியவனைவிட அவன் பெரிய வேலைக்காரன் என்று அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை.

3. கிரீஸை விட்டு வந்தவள்

இதைச் சொன்னேன். சேர்மன் அசையவில்லை.

"சரி, ஃபைனலை எடுத்துக்குங்கோ. அனகா நாட் அவுட், ஜெயிச்சுக் குடுத்திருக்கா. இவ வந்ததும் ரன் அவுட். மேட்ச் அவேர்னஸே இல்லையே."

அங்கேதான் என் ரத்தம் கொதித்தது. அந்தப் பந்துக்கு நான் பவுலர் எண்டில் நின்றேன். கடைசிக்கு முந்தைய ஓவரின் கடைசிப் பந்து. அனகா தட்டிவிட்டு, இல்லாத ரன்னுக்கு ஓடி வந்து பாதி பிச்சில் நின்றுவிட்டாள். த்ரோ கீப்பர் கைக்குப் போகிறது. முத்துலட்சுமி என் பக்கத்தில், கிரீஸுக்குள் பத்திரமாக இருந்தாள். அசையாமல் நின்றிருந்தால் அனகாதான் அவுட். அவளோ கிரீஸை விட்டு ஓடி, அனகாவைத் தாண்டி, கீப்பர் பக்கம் போய்த் தானே அவுட் ஆனாள். தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் ஸ்டம்ப் விழும்போது அவுட் அவள்தான். ஓவரும் முடிந்து பவுலிங் முனை மாறியதால் அடுத்த ஓவரை அனகாவே சந்தித்தாள், அடித்தாள், ஜெயித்தார்கள்.

"அந்த நாட் அவுட்டே இவ குடுத்ததுதான் சார்" என்றேன்.

"நீங்க உணர்ச்சிவசப்படறேள். இதை நான் எந்தக் கட்டத்துல எழுதறது?"

"எழுத எடமில்லன்னா அது உங்க கணக்கோட தப்பு. அந்தப் புள்ளயோட தப்பா?"

அவர் அனகா பெயரை எழுதி, லிஸ்டைக் கையெழுத்துக்கு நீட்டினார். பக்கத்திலிருந்தவர் தலையாட்டினார். இரண்டுக்கு ஒன்று. நான் எழுந்து வந்துவிட்டேன்.

4. இம்ப்ரூவ்மென்ட்

வெளியே முத்துலட்சுமி கிட் பேக்கோடு நின்றிருந்தாள்.

"பேரு வரல, அல்லே சார்?"

"இல்லம்மா."

"பின்ன அடுத்த வருஷம் நான் என்ன சார் செய்யணும்? எது செஞ்சா எடுப்பாங்க? சொல்லுங்க, அதயே செய்யறேன்."

எனக்குப் பதில் தெரியும். ஈரப் பந்தை வாங்காதே, கூட ஆடுகிறவள் அவுட் ஆனால் ஆகட்டும், நீ நகராதே. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் சொல்லாமலே அவள் புரிந்துகொண்டாள்.

அடுத்த சீசனில் பார்வையாளனாகப் போய் உட்கார்ந்தேன். தூறல் விழுந்தது. கேப்டன் பந்தை நீட்டினாள். முத்துலட்சுமி, "தோள் வலிக்குது அக்கா" என்று சொல்லிவிட்டு பவுண்டரி லைனுக்குப் போய்விட்டாள். பேட்டிங்கில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நாட் அவுட். டீம் தோற்றது.

அந்த வருடம் அவளை எடுத்தார்கள். ஹாஸ்டலில் இடமும் கிடைத்தது. "நன்னா இம்ப்ரூவ் ஆயிருக்கா, கேட்டேளா" என்று சேர்மன் என்னிடமே சொன்னார்.

புதிதாக செலக்டராகப் போகிறவர்கள் லேப்டாப்பைத் திறக்கும் முன் மைதானத்துக்குப் போங்கள், மழை நாளில் போங்கள். முத்துலட்சுமியை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படி ஆட அவளுக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் கமிட்டி.