மாதிரி போட்டுப் பேசிய வீடு

கடைசியாக அப்பாவும் நானும் சேர்ந்து செய்த வேலை போர்வை மடித்தது. மொட்டை மாடியில், கொடிக்குப் பக்கத்தில். அவர் இரண்டு முனை, நான் இரண்டு முனை.

"திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போயிடறேன்" என்றார். நான் முனையைச் சேர்த்தேன்.

அப்பா தமிழாசிரியர். மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, மருத்துவமனையில் கிடந்து மீண்டவர். கை, கால், பேச்சு எல்லாம் திரும்பின. உருவகம் திரும்பவில்லை. இலக்கணம் கேட்டால் சரியாகச் சொல்வார்: ஒன்றை இன்னொன்று போல என்றால் உவமை, இன்னொன்றாகவே சொன்னால் உருவகம். ஆனால் அம்மா, "அந்தப் பால்காரன் வாயைத் திறந்தா விஷம்" என்றால், "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்களா?" என்று எழுந்துவிடுவார்.

நான் மின்சுற்றுகளைப் பழுது பார்ப்பவன். எங்கே தடைபடுகிறது என்று சோதித்தேன். வாக்கியத்தில் 'மாதிரி' இருந்தால் அவருக்குப் புரிந்தது. இல்லாவிட்டால் இல்லை. அன்றிலிருந்து வீட்டில் எல்லாவற்றுக்கும் மாதிரி போட்டோம்.

"உங்களைக் கட்டிக்கிட்டு நான் செக்குமாடு மாதிரி சுத்தறேன்" என்பார் அம்மா.

"மாதிரிதானே? சுத்து" என்பார் அப்பா.

தலைமையாசிரியை பார்க்க வந்தார். அவருக்குத் திருப்தி என்றால் மறுபடி வகுப்பு. இல்லையென்றால் வீடுதான். பேச்சு நன்றாகவே போனது. கிளம்பும்போது, "பசங்க உங்களுக்காக உயிரையே விடறாங்க சார்" என்றார்.

அப்பா டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "எந்தப் பையன்? அவங்க வீட்டுக்குச் சொல்லியாச்சா?"

தலைமையாசிரியை அம்மாவைப் பார்த்தார். "உடம்பைப் பாத்துக்குங்க சார். அவசரமே இல்ல."

கதவைச் சாத்தியதும் அப்பா கேட்டார்: "நான் என்ன சொல்லியிருக்கணும்?"

"ஒண்ணும் வேணாம். சும்மா சிரிச்சிருந்தா போதும்" என்றார் அம்மா.

மறுநாளே அப்பா சிரித்துப் பழக ஆரம்பித்தார். கண்ணாடி முன்னால். நான் வாக்கியம் சொல்வேன்.

"அவன் மனசு கல்லு."

சிரித்தார்.

"மழை வருது."

அதற்கும் சிரித்தார்.

"அப்பா, இது நிஜ மழைப்பா."

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "எப்படிடா தெரிஞ்சுக்கறது? வகுப்பு நிறையப் பசங்க உக்காந்திருப்பாங்க. எது நிஜம்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அதற்கு என்னிடம் கருவி இல்லை. பிடியை அவர் விடவும் இல்லை.

ஆனாலும் பள்ளிக்குப் போடும் பேன்ட்டைத் தையற்கடையில் கொடுத்துவிட்டு வந்தார். மெலிந்துபோனதில் இடுப்பில் நிற்கவில்லை. போர்வை மடித்தது சனிக்கிழமை. ஞாயிறு காலை இரண்டாவது அடைப்பு. மருத்துவமனை வாசல் வரைகூடத் தாங்கவில்லை.

நேற்று தையற்காரர் போன் செய்தார்.

"சாரோட பேன்ட் ரெடி. இடுப்பைப் பிடிச்சாச்சு. திங்கக்கிழமை கண்டிப்பா வேணும்னு பறந்தாரு. வாங்கிக்க வரவே இல்லையே?"