அளவுக்கு நின்றவள்

கல் குவாரியில் டிப்பர் லாரி ஓட்டியவர். மொத்தம் இருபத்தாறு ஆண்டுப் பணி; அதில் பதினெட்டு ஆண்டுகள் ஒரே வண்டி, நீண்ட மூக்கும் மஞ்சள் நிறமும் கொண்ட பழைய லாரி. மனைவி ஒருத்தி, மணமான மகள் ஒருத்தி. ஓய்வு பெற்றதும் ஒரு சிறிய காரும் ஒரு கேமராவும் வாங்கினார். இவற்றில் யாருக்கும் ஐயமில்லை. அவரை நேர்மையானவர் என்பதா, பிடிவாதக்காரர் என்பதா என்பதுதான் குடும்பத்தில் இன்றும் தீராத வழக்கு.

குவாரியில் அவருக்கு ‘ரிவர்ஸ்’ என்று பெயர். ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம் என்ற பாதையில் முழுச் சுமையோடு பின்னோக்கி வருவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பெயருக்குப் பங்கம் வரவில்லை. நல்ல சாலை இருக்க மண் பாதையில்தான் காரை விடுவார். புதருக்குள் துருப்பிடித்த லாரி முகப்பு ஒன்று கண்ணில் பட்டால் போதும், கார் பின்னோக்கி வந்து நின்றுவிடும். சக்கரம் கழன்ற தண்ணீர் லாரி, கோழிகள் குடியேறிய மர லாரி, செங்கல் சூளைக்குப் பின்னால் வேலிக்கு முட்டுக்கொடுத்து நின்ற ஒன்று என எதையும் அவர் படம் எடுக்காமல் விட்டதில்லை.

எல்லாப் படங்களிலும் முன்சக்கரத்தின் அருகே அவர் மனைவி நின்றாள்.

“சக்கரத்தோட உயரம் தெரிய வேண்டாமா? கொஞ்சம் அளவுக்கு நில்லு.”

“கல்யாணம் ஆனதுலேருந்து என்னைத் தனியா ஒரு போட்டோ எடுத்திருப்பீங்களா? எப்பப் பாத்தாலும் மூத்தாள் பக்கத்துலயே நிக்க வைக்கிறீங்க.”

“மூத்தாளுக்குத் துருப் பிடிச்சிருச்சு. நீ பரவாயில்லை.”

“இப்படியே வெயில்ல நிறுத்துங்க. எனக்கும் துருப் பிடிக்கும்.”

முகத்தைச் சுளித்தபடிதான் நிற்பாள். ஆனால் ஒரு பயணத்துக்கும் வராமல் இருந்ததில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, பழைய இரும்பு வியாபாரி தொலைபேசியில் அழைத்தார். “அண்ணே, உங்க மஞ்ச வண்டி எங்கிட்டதான் வந்திருக்கு. மதியம் வெட்டப்போறோம். பாக்கணும்னா சீக்கிரம் வாங்க.” தாம் ஓட்டிய அந்த ஒரு வண்டியைத்தான் அவர் அதுவரை படம் எடுத்திருக்கவில்லை. தேடாத இடமில்லை. அரை டம்ளர் காப்பியை அப்படியே வைத்துவிட்டு மனைவியோடு கிளம்பினார்.

தார்ச் சாலையில் போனால் சுற்று. குவாரிப் பாதையில் போனால் பாதித் தொலைவு. குறுக்கே ஓடை, அதன்மேல் கைப்பிடிச் சுவரில்லாத தரைப்பாலம். முந்தைய இரவு மேட்டுப்பக்கம் பெய்த மழையில், பாலத்தின் மேல் செந்நிற நீர் ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்துக் கல்லில் குவாரி ஓட்டுநர்கள் என்றோ போட்ட வெள்ளைக் கோடு இருந்தது. லாரிச் சக்கரத்தின் நடுக்குடம் வரும் உயரம் அது. கோட்டுக்குக் கீழே தண்ணீர் என்றால் தயங்கி நிற்காமல் வண்டியைக் கடத்திவிட வேண்டும் என்பது அவர்களுக்குள் எழுதாத சட்டம். அன்று தண்ணீர் கோட்டுக்கு நான்கு விரற்கடை கீழே இருந்தது.

“ரிவர்ஸ் எடுங்க,” என்றாள் மனைவி.

“இதைவிட அதிகத் தண்ணியில போயிருக்கேன்.”

“அது லாரி. வயிறு நிறைய கல்லு இருந்துச்சு. இது தகர டப்பா. ரிவர்ஸ் எடுங்கன்னு சொல்றேன்ல?”

கோடு பொய் சொல்லாது என்று அவர் நம்பினார். கோடு பொய் சொல்லவும் இல்லை; அது சுமை லாரிக்குப் போட்ட கோடு. பாலத்தின் நடுவில் காரின் பின்பக்கம் மெல்ல எழும்பியது. கையிலிருந்த ஸ்டியரிங் கனமிழந்து, எந்தப் பக்கம் திருப்பினாலும் திரும்பியது. அவர் ஒரு முள்மரத்தில் சிக்கிப் பிழைத்தார். மனைவியின் உடல் மறுநாள்தான் கிடைத்தது.

திடீர் வெள்ளம் என்று காவல் நிலையத்தில் பதிந்தார்கள். உறவினர்களும் அதையே சொன்னார்கள். அவர் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

மகள் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்து பின்கட்டு அறையைக் கொடுத்தாள். சுவரில் மாட்ட அம்மாவின் படம் வேண்டுமென்று தேடியபோதுதான், லாரி இல்லாத படம் ஒன்றுகூட இல்லை என்பது தெரிந்தது. புகைப்படக் கடைக்காரர் கணினியில் எவ்வளவோ வெட்டிப் பார்த்தார். அப்படியும் தோளருகே துருவேறிய மட்கார்டின் ஒரு துண்டு நின்றுவிட்டது. அதை மாட்டிய அன்று மாலை, மகள் ஏணியிலிருந்து இறங்கியபடியே கேட்டாள்.

“அப்பா, தண்ணி திடீர்னு வந்துச்சா?”

ஆம் என்று சொல்லியிருந்தால் மீதிக் காலம் அந்த வீட்டில் அப்பாவாக இருந்திருக்கலாம். அது அவருக்கும் தெரியும்.

“இல்லம்மா. நாங்க போகும்போதே ஓடிட்டு இருந்துச்சு.”

“அம்மா ஒண்ணும் சொல்லலியா?”

“சொன்னா. ரிவர்ஸ் எடுக்கச் சொன்னா. ரெண்டு தடவ சொன்னா.”

மகள் அழவில்லை. ஏணியை மடக்கி, அதன் இடத்தில் கொண்டுபோய்ச் சாத்தினாள்.

அதன்பின் அவருக்கு எந்தக் குறையும் வைக்கப்படவில்லை: வேளைக்குச் சோறு, துவைத்த துணி, மருந்து. ஆனால் சொற்கள் எல்லாம் சுவரைப் பார்த்தே சொல்லப்பட்டன. “சாப்பாடு எடுத்து வச்சிருக்கு.” “சாரல் அடிக்குது, ஜன்னலைச் சாத்தலாம்.” ‘அப்பா’ என்ற சொல் அந்த வீட்டைவிட்டுப் போயிற்று. கேமராவை அவர் மீண்டும் தொடவில்லை. மஞ்சள் லாரி அன்று மதியமே வெட்டப்பட்டுவிட்டது.

அவருடைய கடைசி வாரம் மருத்துவமனையில் கழிந்தது. கட்டிலருகே நின்ற மகளிடம் செவிலி கேட்டார்: “இவர் உங்களுக்கு என்ன வேணும்?”

“அப்பா.”

அது செவிலியிடம் சொன்னது. அவர் காதில் விழுந்ததா என்பதற்குச் சாட்சியில்லை. கண் மூடித்தான் இருந்தது. மறுநாள் விடியுமுன் இறந்தார்.

வயது எழுபத்தெட்டு. மகள் அவரோடு பேசாதிருந்தது பதினோரு ஆண்டுகள்.