முறை போன மூன்று ஞாயிறுகள்

வீட்டில் யாரும் யாரையும் அடிக்கக் கூடாது என்று தீர்மானம் போடக் கூட்டிய கூட்டத்தில், நான் என் மகளைக் கன்னத்தில் அறைந்தேன். பிள்ளை வளர்ப்பு பற்றி ஒன்பது புத்தகங்கள் வைத்திருப்பவன். ஒன்பதையும் படித்தும் இருக்கிறேன், அதுதான் கேவலம்.

ஞாயிறுதோறும் நாலு மணிக்குக் குடும்பக் கூட்டம். ஒரு பொருளைக் கையில் வைத்திருப்பவர் மட்டும் பேச வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. எங்கள் வாய்க்காலில் தண்ணீர் முறை வந்தவன் மடைவாயில் தன் மம்பட்டியை நட்டுவைப்பான். அதைப் பிடுங்கும்வரை வேறு எவனும் மடையில் கை வைக்க முடியாது. ஆகவே, பெரிய அறிவாளி மாதிரி, மம்பட்டியின் பிடியைக் கழற்றி வந்து பாயில் வைத்தேன். நல்ல கருவேலங்கட்டை.

அந்த ஞாயிற்றுக்கு நாலு நாள் முன்பு, மோட்டாரை நிறுத்த மறந்ததற்காக, ஐந்தாவது படிக்கும் மகனை ஹோஸ் பைப்பால் விளாசியிருந்தேன். எட்டாவது படிக்கும் மகள் பிடியை எடுத்தாள்.

"அப்பா, அன்னைக்கிருந்து தம்பி உங்க வண்டில ஏறமாட்டீங்கறான். பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போறான். இனி இந்த ஊட்டுல அடி கூடாதுன்னு எழுதோணுங்க."

"எங்கிட்டக் குடுக்கா, நாஞ் சொல்றேன்!" மகன் பிடியை இழுத்தான்.

"எம்பட முறை முடியலடா!"

அவன் அவள் மணிக்கட்டைக் கடித்தான். அவள் அலறிக்கொண்டு கையை விட, கட்டை அவன் வாயிலேயே போய் மோதியது. பாயெல்லாம் ரத்தம். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல் ஒன்று என் காலருகே விழுந்தது. அதற்குள் என் கை அவள் கன்னத்தில் இறங்கிவிட்டது.

மனைவி சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்து மகனின் வாயைக் கழுவினாள். மகள் அழவில்லை. ஐந்து விரலும் பதிந்த கன்னத்தோடு கேட்டாள்:

"வாய்க்கால்ல அடுத்தவன் முறையில மடையத் தொறந்தா என்னங்கப்பா பண்ணுவாங்க?"

"அவனுக்கு மூணு முறை போயிரும்," என்றேன். சட்டம் தெரிந்தவன் அல்லவா?

"அப்ப உங்களுக்கு மூணு முறை போச்சுங்க."

மூன்று ஞாயிறு வாயை மூடி உட்கார்ந்தேன். இரண்டாவது ஞாயிறு மகன் பிடியை மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்துச் சொன்னான்: "வண்டிக் கண்ணாடில அப்பா என்னியப் பாத்தா, எறக்கி அடிச்சுப் போடுவாருன்னே இருக்குது." இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. முறை இல்லை.

நாலாவது ஞாயிறு பிடி என் கைக்கு வந்தது. இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தேன். வந்தது ஒரு வரிதான்: "தப்புப் பண்ணிட்டேன் சாமி, இனி அடிக்கமாட்டேன்."

மறுநாள் காலை வண்டியைக் கிளப்பினேன். மகன் வந்து பின்னால் ஏறினான். என்னைத் தொடாமல் கேரியரைப் பிடித்துக்கொண்டான். கண்ணாடியை வானத்துக்குத் திருப்பிவிட்டு ஓட்டினேன்.

திரும்பி வந்து, குடும்பக் கூட்டத்தின் மகிமையை மனைவியிடம் கால் மணி நேரம் விளக்கினேன். பத்தாவது புத்தகத்தை நானே எழுதலாம் போலிருந்தது.

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "ஏனுங்க, அவஞ் செருப்பு வார் அந்துபோச்சுங்க. அதனால ஏறுனான்."