ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும்

யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருடங்களுக்கு முன், எனக்கு நாற்பத்திரண்டு வயது. பட்டாபிராமிலிருந்து தினமும் ரயிலில் பட்டணம் போய், தோல் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றின் கடிதப் பிரிவில் பத்தொன்பது வருடங்களாக வேலை பார்த்து வந்தேன். புதிதாக வந்த துரை ஓர் உத்தரவு போட்டார். சர்க்காரின் வணிகப் பரீட்சை தேறாதவர்கள் சித்திரை முதல் கிடங்குக்குப் போக வேண்டும்.

எனக்கு இழுப்பு உண்டு. ஒரு தடவை கிடங்கில் அரை மணி நேரம் நின்றதற்கே, தோல் நெடியில் மூச்சு அடைத்து என்னைத் தூக்கி வந்தார்கள். ஆகவே ஆபீஸ் விட்டதும் வாரம் நான்கு நாள் மாலை வகுப்புக்குப் போனேன். வணிகச் சட்டம், வணிகக் கடிதம், சுருக்கெழுத்து. பக்கத்தில் இருந்தவர்களுக்கு என் மூத்த மகன் வயது.

பரீட்சையின் முதல் நாள் கடிதத் தாள். மூன்று கடிதங்கள் வரையச் சொன்னார்கள். என் தினசரி வேலைதான். பத்து நிமிடம் மீதி இருக்கும்போதே முடித்துவிட்டேன்.

திரும்பும் ரயிலில், பெரம்பூரில் ரயில் பட்டறை பிட்டர் ஏறினார். ஆவடிக்குப் பக்கத்துக் கோவில்பதாகைக்காரர், பல வருட ரயில் சிநேகம்.

"இன்னா அண்ணாத்தே, பரிச்சை எப்படி?"

"கடிதம்தானே. கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட்டேன்."

சொன்ன வாய் மூடவில்லை, விடைத்தாளின் மூலை ஞாபகம் வந்தது. எங்கள் கம்பெனியில் கடிதம் வரைந்தவர் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வலது மூலையில் தன் இனிஷியல் போட வேண்டும். இல்லாத பக்கம் தபாலுக்குப் போகாது. விடைத்தாளிலும் போட்டிருந்தேன். எட்டுப் பக்கம், எட்டு இனிஷியல். ஹால் டிக்கெட்டைத் திருப்பிப் பின்புறத்து விதிகளைப் பார்த்தேன். எழுதியவர் இன்னார் என்று காட்டும் குறி எதுவும் இருந்தால் தாள் ரத்து. பிறகு தெரியவந்தாலும் சான்றிதழ் பறிக்கப்படும்.

பிட்டரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இவ்ளோ நல்லா எய்தினவன் யாருன்னு திருத்தறவனுக்குத் தெரிய வாணாமா? மூஞ்சி ஏன் இப்டி வெளுத்துக் கீது? தண்ணி குடி நைனா."

அவர் ஆவடியில் இறங்கிவிட்டார். பட்டாபிராம் வருவதற்குள் எனக்கு இழுப்பு வந்துவிட்டது. மனைவி கேட்டதற்கு, ரயில் புகை என்றேன்.

மறுநாள் முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய், ஹால் கண்காணிப்பாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கட்டு நேற்றே முத்திரை வைத்துப் போய்விட்டது. திருத்துபவர் கவனிக்காமல் விடலாம், விடாமலும் போகலாம். ஆனால் நான் கேட்டுவிட்டால் ரிப்போர்ட் எழுதியாக வேண்டும். சொல்லும், கேட்டேனா, கேட்கவில்லையா?"

நாற்பத்திரண்டு வருடங்களில் தெரிந்து ஒரு தவறான தேதிகூட எழுதாதவன் நான். வெளியே முதல் மணி அடித்தது.

"கேட்கவில்லை ஐயா," என்றேன்.

"எதை?" என்றார் அவர். உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அன்றைய நாட்குறிப்பில், 'சட்டத் தாள், சுமார்' என்று மட்டும் எழுதினேன்.

ஒன்பது வாரம் கழித்துப் பத்திரிகையில் என் எண் வந்தது. மனைவி கேசரி கிளறினாள். துரை கை குலுக்கி, கடிதப் பிரிவுக்கு என்னையே தலைவராக்கினார். அந்தப் பொறுப்பில், கம்பெனிக்கு வரும் தபால் முழுவதையும் தினமும் காலையில் நான்தான் பிரிக்க வேண்டும். சர்க்கார் முத்திரையோடு பழுப்பு உறை வாரத்துக்கு இரண்டேனும் வரும். சுங்கம், துறைமுகம், பரீட்சை இலாகா, எதுவாகவும் இருக்கலாம். அதை அடியில் வைத்து, மற்றவற்றை எல்லாம் பிரித்த பிறகே எடுப்பேன். பிரிப்பதற்கு முன் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வேன், மூச்சுக்காக.