பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் அரைக் கிலோ

மணலியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் அட்மின் பிரிவில் டிக்கெட் போடுவது என் வேலை. வெளியூர் போகிறவருக்கு ரயிலா விமானமா என்று முடிவு செய்வது விதிப்படி மேனேஜர், நடைமுறையில் நான். அதிகாரி என்றால் ஃப்ளைட், தொழிலாளி என்றால் டிரெயின். அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை. இரண்டாயிரத்தை ஒட்டிய ஒரு வருடத்தில், கௌதமன் விஷயத்தில்தான் முதன்முறையாக யோசிக்க வேண்டி வந்தது.

1. மூட்டைத் தராசு

கௌதமன் வியாசர்பாடிக்காரன். பேக்கிங் செக்‌ஷனில் கான்ட்ராக்ட் லேபர். ஷிப்ட் முடிந்ததும் ராயபுரத்தில் ஒரு பாக்சிங் கிளப்புக்குப் போய்விடுவான். எங்கள் குழுமத்துக் கம்பெனிகளுக்குள் நடக்கும் போட்டிக்கு, ஐம்பத்தொரு கிலோவுக்குள் இருப்பவர்கள் மோதும் ஃப்ளைவெயிட் பிரிவில் அவன் பெயர் போயிருந்தது. போட்டி பெங்களூரில். மெடல் வாங்கினால் பர்மனென்ட் என்று மேனேஜர் ராகவன் சார் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"டைரக்டர்ஸ் வர்றாங்க அந்தோணி. நம்ம ஆள் ஃப்ளைட்ல போய் இறங்கணும். என்கூடவே போட்டுடுங்க. ஃப்ளைவெயிட் இல்லையா?" என்றார்.

இது அவருடைய ஜோக். சிரித்தேன்.

செய்தியைச் சொன்னபோது கௌதமன் சந்தோஷப்படவில்லை.

"ஃப்ளைட்ல எழுந்து குதிக்க முடியுமா சார்?"

"எதுக்குப்பா குதிக்கணும்?"

என்னை டெஸ்பாட்சுக்குக் கூட்டிக்கொண்டு போய், மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றான்.

"அம்பத்தொண்ணு தாண்டக்கூடாது. அரைக் கிலோ மேல கீது, பாத்துக்க. நாளைக்கு போனதும் வெயிட் எடுப்பாங்கோ. ஒரு பொட்டு ஜாஸ்தி இருந்தா ரிங்கு பக்கமே வுடமாட்டாங்கோ. ராவெல்லாம் ஓடுனா காலு பூடும், நாளைக்கே ஃபைட்டு. நிதானமா வேர்க்கணும் சார். ஃப்ளைட்ல பெல்ட்ட போட்டு ஏசில குந்த வெச்சா எப்டி வேர்க்கும்?"

மேனேஜரிடம் நான் வேர்வையைப் பற்றிப் பேசவில்லை. லாரிகளைப் பற்றிப் பேசினேன். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டால் மீனம்பாக்கம் எப்போது போய்ச் சேருவோம் என்று சொல்ல முடியாது; சென்ட்ரல் என்றால் வியாசர்பாடிக்குப் பக்கம்.

"சரி, சதாப்தியில வரட்டும். நீங்களும் கூடப் போங்க. ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்."

2. கதவுக்கும் கக்கூசுக்கும் நடுவில்

சதாப்தியும் ஏசிதான். அது எனக்கு வண்டி ஏறிய பிறகுதான் உறைத்தது. ஆனால் பெட்டிக்கு வெளியே, கதவுக்கும் கக்கூசுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் உண்டு. அங்கே ஏசி கிடையாது. கௌதமன் இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு ரெயின்கோட் போட்டுக்கொண்டு அங்கே போய் நின்றான். கயிறு இல்லாமலே ஸ்கிப்பிங் ஆட ஆரம்பித்தான்.

சதாப்தியில் சாப்பாடு கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அவன் பட்டினி கிடக்கும்போது நான் சாப்பிடுவது முறையல்ல என்று டீயைத் திருப்பி அனுப்பினேன். பிஸ்கட்டையும் அனுப்பினேன். ஆம்லெட் வந்தபோது என் முடிவைப் பற்றி எனக்கே சந்தேகம் வந்தது.

காட்பாடிக்கு முன்னால் டிக்கெட் பரிசோதிக்கும் டிடிஇ வந்தார்.

"அந்த ரெயின்கோட்டு உங்க ஆளா? மழையே இல்ல, கோட்டு போட்டுக்கிட்டு குதிக்கிறாரு. பயமா இருக்குன்னு ஒரு அம்மா கம்ப்ளெயின்ட் பண்றாங்க."

விஷயத்தைச் சொன்னேன். அவர் போய்ப் பார்த்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"குறையலைன்னா என்னப்பா ஆகும்?" என்று கௌதமனைக் கேட்டார்.

"வேலை பூடும் சார்." மூச்சு வாங்கிக்கொண்டான். "இன்னும் வரல. வர வேண்டிய வேலை."

 டிடிஇ திறந்திருந்த வெளிக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். "காத்து வந்தா எப்படி வேர்க்கும்?" என்றார். டிரே தூக்கி வந்த கேட்டரிங் ஆளை, "இந்தப் பக்கம் வராதே, அப்புறமா வா" என்று விரட்டினார்.

ஜோலார்பேட்டை தாண்டியதும் கௌதமன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். உதடு வெளுத்திருந்தது.

"கண்ண இருட்டிகினு வருது சார்."

பயந்துவிட்டேன். "போதும்டா. வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். தண்ணியக் குடி."

பாட்டிலை வாங்கி வாய் கொப்பளித்துத் துப்பினான். "முழுங்குனா அதுவும் வெயிட்டுதான்" என்றான். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்தான். அதற்குப் பிறகு குதிக்கவில்லை. அந்த இடத்திலேயே பெங்களூர் வரை நடந்தான்.

அரங்கத்துக்குப் போனால், ராகவன் சார் குளித்து, டிபன் சாப்பிட்டுவிட்டு வாசலில் நிற்கிறார். ஃப்ளைட் தாமதமாகவில்லை. அன்றைக்கு லாரிகளும் வழி விட்டிருந்தன.

"பாத்தீங்களா அந்தோணி?" என்றார். பார்த்தேன் என்றேன்.

கௌதமன் தராசில் ஏறினான். எடை பார்ப்பவர் குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். முள் ஐம்பத்தொன்றைத் தொட்டு நின்றது. இறங்கச் சொன்னார். அவன் கண்ணைத் திறக்கவே இல்லை, தோளைத் தொட்டு நான்தான் இறக்கினேன்.

அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் ஜெயித்தான். ஃபைனலில் பாயின்ட்டில் தோற்றான். வெள்ளி மெடல். பர்மனென்ட் ஆர்டர் வர மழைக்காலம் ஆகிவிட்டது. ஆனால் வந்தது. ராகவன் சார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதையும் எழுத வேண்டும்.

3. கேட்க வேண்டிய கேள்வி

ஃப்ளைட்தான் வேகம். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு டிக்கெட் கேட்டு வருகிறவரிடம், எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதோடு, வழியில் என்ன செய்ய வேண்டும் என்றும் கேட்க ஆரம்பித்தேன். நிறையப் பேர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அக்கவுன்ட்ஸில் விஜயா மேடம் என்று ஒருவர். ஹைதராபாத்தில் ஒரு மீட்டிங். மாமியார் படுத்த படுக்கை, இரண்டு சின்னப் பிள்ளைகள். அவரிடமும் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. யோசித்துவிட்டு, "தூங்கணும் சார்" என்றார்.

"அவங்களுக்கு ஃப்ளைட் எலிஜிபிலிட்டி இருக்கே?" என்றார் ராகவன் சார்.

"இருக்கு சார்" என்று சொல்லி, கையெழுத்துக்கு டிக்கெட்டை நீட்டினேன். ராத்திரி எக்ஸ்பிரஸ் வண்டி, லோயர் பெர்த்.