ஒற்றை ஆள் வண்டி

கழக்கூட்டம் என்கிற ஊரிலிருந்து நடந்துகொண்டிருந்தோம். முன்னால் அப்பா, அவருக்குப் பின்னால் நான், எனக்கும் பின்னால் மாமா. நகரத்துக்குப் போகிற பஸ்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. நிறுத்தம் வந்தபோதெல்லாம் மாமா நின்று பார்த்தார். அப்பா நிற்கவில்லை. கடைசியில் மாமாவும் முனகிக்கொண்டே நடக்க ஆரம்பித்தார்.

"நல்ல வண்டின்னு உங்க வாயாலதான சொன்னீங்க அத்தான். பொறவு என்னத்துக்கு வேண்டாம்னீங்க?"

அப்பா நடையை எட்டிப் போட்டார். பைக் வாங்கப் போய், வாங்காமல் திரும்பிக்கொண்டிருந்தோம்.

எனக்கு அப்போது பதினொரு வயது. விதுராவுக்கு மேலே, மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் இருந்தோம். அப்பா தோட்டத்து டிராக்டரை ஓட்டியவர். முதலாளி ஃபாக்டரியைப் பூட்டிவிட்டுப் போனபோது டிராக்டரையும் இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ரோடு மழையில் அரித்து வெறும் கல்லாகக் கிடந்தது. ஜீப் பாதி மலையோடு நின்றுவிடும். லயத்து ஆம்பிளைகள் ஒவ்வொருவராக வேலை தேடி இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அம்மாவுக்கு நெஞ்சில் கோளாறு. மூச்சுமுட்டல் வந்தால் உதடு நீலம் பாரிக்கும். உட்கார வைத்தாலும் துணி மாதிரி சாய்ந்துவிடுவாள். வந்தால் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முந்தின மழையில் நான்கு பேர் அவளை நாற்காலியில் வைத்து ஜீப் நிற்கிற இடம் வரை தூக்கிப் போனார்கள். அந்த நான்கு பேரில் இப்போது லயத்தில் மிச்சம் இருந்தது அப்பாவும் மாமாவும்தான்.

மாமா அம்மாவின் தம்பி. பைக் சேதியைக் கொண்டுவந்தவர் அவர்தான். அறுத்த வயலில் சேற்றுப் பந்தயம் ஓட்டுகிற பையன் ஒருவன் பழைய வண்டியை விற்கிறானாம். பாறையும் ஏறுமாம், சேறும் ஏறுமாம். ரொட்டியும் பீடியும் மெழுகுவர்த்தியும் மேலே போகும், மிளகு கீழே வரும், ஒரு வருஷத்தில் நாமே முதலாளி. மாமாவின் திட்டங்கள் எப்போதும் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். "நீதாம்ல கிளி" என்றார் என்னிடம். பஸ் படியில் தொங்கிக்கொண்டு ஆள் ஏற்றுகிறவனை அங்கே கிளி என்பார்கள். மலை இறங்கிய வழியெல்லாம் நான் விசிலடித்துப் பழகிக்கொண்டே வந்தேன். பசுவை விற்ற பணம் அப்பாவின் மடியில் இருந்தது. அவர் எதற்காக வண்டி பார்க்க வருகிறார் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. மாமா சொன்னதே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

வண்டி ஒரு டயர் கடைக்குப் பின்னால் நின்றது. விளக்கு இல்லை, மீட்டர் இல்லை. நம்பர் பிளேட் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தகடு, அதில் ஏழு என்று எழுதியிருந்தது. சைலன்சரை மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள். சீட்டைப் பாதியில் அறுத்து எடுத்துவிட்டார்கள். ஒரு ஆள்தான் உட்காரலாம். அதைவிட அழகான பொருளை நான் அதுவரை பார்த்ததில்லை.

பையனின் கூட்டாளிகள் மதில்மேல் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் கைலியைப் பார்த்துவிட்டு ஒருவன், "பாண்டிக்கு எந்தினாடா ரேஸ் வண்டி? சந்தைக்குப் போகானோ?" என்றான். தமிழனை அங்கே கேலியாகப் பாண்டி என்பார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள். விற்கிறவன் மட்டும் சிரிக்காமல், "அண்ணாச்சி ஓடிச்சு நோக்கிக்கோ" என்று சாவியை நீட்டினான்.

அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். கடைக்குப் பின்னால் கட்டடம் கட்டக் கொட்டியிருந்த கல்மேட்டில் வண்டியை விட்டார். உட்காராமல் நின்றபடியே ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, சேற்றில் திருப்பி, மறுபடி ஏறி வந்தார். மதிலில் இருந்தவன் "கொள்ளாமல்லோ!" என்றான். என் அப்பாவை ஒருவர் மெச்சி நான் கேட்டது அப்போதுதான். மாமா என் தோளைப் பிடித்து உலுக்கினார். வண்டி எங்களுடையது ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

அப்பா ஒரு சாக்கை மடித்துப் பின் மட்கார்டின் மேல் போட்டார். "வாலே, ஏறு."

ஏறினேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னையும் தன்னையும் சேர்த்துக் கட்டினார். நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"கையை எடு. பிடிக்காத."

"விழுந்துருவேம்ப்பா."

"பிடிக்காதன்னா பிடிக்காத. தூங்குற பிள்ளை மாதிரி கெட."

மாமா சிரித்தார். "என்னத்தான், மூட்டை கட்டிப் பாக்கீங்களா?"

கல்மேட்டில் ஏறும்போது நான் முழங்காலால் வண்டியை இறுக்கிக்கொண்டேன். அப்பாவுக்கு அது தெரிந்துவிட்டது. பாதியில் நிறுத்தி, "கால்ல என்னத்துக்குலே பெலம் குடுக்க? பெலமே இல்லன்னு நெனச்சுக்கோ" என்றார். அதட்டல்தான். ஆனால் குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

சரி என்று கையையும் காலையும் தொங்கவிட்டேன். முதல் கல்லிலேயே பக்கவாட்டில் சரிந்தேன். துண்டு மேலேறி நெஞ்சை இறுக்கியது. தலை கீழே தொங்க, டயர் சுழல்வது கண்ணுக்குப் பக்கத்தில் தெரிந்தது. கத்த வாயைத் திறந்தேன், மூச்சு வரவில்லை. அப்பா வண்டியை நிறுத்தி அவிழ்த்தார்.

"எங்கல மூச்சு முட்டுச்சு?"

நான் நெஞ்சுக்குக் கீழே தொட்டுக் காட்டினேன். அவர் அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்ச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

"எந்து பற்றி அண்ணாச்சி?" என்ன ஆயிற்று என்று பையனுக்குப் புரியவில்லை. " சீட்டு வேணுமெங்கில் வெல்டு செய்து தராம்."

"வண்டி நல்ல வண்டி தம்பி" என்றார் அப்பா. அவ்வளவுதான்.

உள்ளூர் என்கிற பேருள்ள சந்திப்பு வரை நடந்தோம். பஸ் ஸ்டாண்டுக்கு நேர் ரோடு. அப்பா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோட்டில் திரும்பினார். மாமா அங்கேயே நின்றுவிட்டார்.

"பயந்துட்டீங்க அத்தான். பாண்டின்னு சொன்னதும் பயந்துட்டீங்க. அக்காகிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

"வியாழக்கிழமை வாறேன்னு சொல்லு. கீழ ரெண்டு ஆளைக் கேட்டு வையி. நாற்காலியத் தொடச்சு வையி. ஒரு தடவை எறக்கினாப் போதும்."

மாமா காறித் துப்பிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார். அவர் சொன்னது சரி என்றுதான் எனக்குப் பட்டது. பிற்பாடு பள்ளிக்கூடத்தை விட்டு எத்தனையோ ஊர்களில் சுற்றி, எத்தனையோ பேரிடம் வேலை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அப்பாவின் சட்டை முதுகை வெறுத்த மாதிரி வேறு யாரையும் வெறுத்ததில்லை.

ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிர்வரிசையில், கொஞ்சம் தள்ளி ஒரு சாயாக்கடை இருந்தது. அதன் முன்னால் அப்பா குனிந்து, "முதுகுல ஏறு" என்றார். விழுந்ததற்குச் சமாதானம் செய்கிறார் என்று நினைத்து ஏறினேன். "பிடிக்காத" என்றார் மறுபடியும். எனக்கு அலுத்துப்போயிருந்தது. கையை விட்டுவிட்டு, தலையை அவர் தோளில் போட்டேன். அவர் ரோட்டைக் கடந்து, கேட்டுக்குள் நுழைந்து, அவசரப் பிரிவு வாசல் வரை இறக்காமல் கொண்டுபோனார். மூச்சு வாங்கியது. அங்கே சுவரில் கையூன்றி நின்றுவிட்டு, மறுபடியும் என்னைத் தூக்கிக்கொண்டு கடைக்கே திரும்பினார். இந்தத் தடவை ஓட்டமும் நடையுமாக. வெற்றிலை பாக்கு விற்றுக்கொண்டிருந்த பெண், "பிள்ளைக்கு எந்து பற்றி?" என்று எழுந்துவிட்டாள். "ஒண்ணுமில்லம்மா" என்றார் அப்பா.

நோயாளிகளுக்குத் துணைக்கு வந்தவர்கள் படுக்கிற வராந்தாவில் படுத்துக்கொண்டோம்.

காலையில் அப்பா அந்தச் சாயாக்கடையில் வேலை கேட்டார். என்ன வேலை தெரியும் என்று கடைக்காரர் கேட்டதற்கு டிராக்டரைப் பற்றிச் சொல்லவில்லை. "எதுன்னாலும் செய்வேன். நடுவுல எப்பவாவது ஓட வேண்டி வரும், அப்ப மட்டும் விட்டாப் போதும். பின்னாடி சாய்ப்புல எனக்கும் வீட்டுக்காரிக்கும் படுக்க இடம் வேணும்" என்றார். கடைக்காரர் தம்ளர் கழுவுகிற தொட்டியைக் காட்டினார். கல்மேட்டில் நின்றபடி வண்டி ஓட்டியவர் எச்சில் தம்ளர் கழுவுவதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தேன். தொட்டிக்கு இந்தப் பக்கம் நல்ல நிழல் இருந்தது. அவர் அதை விட்டுவிட்டு, முகத்தில் வெயில் அடிக்கிற அந்தப் பக்கம் போய், ஆஸ்பத்திரி கேட்டைப் பார்த்தபடி நின்று கழுவினார். இந்த மனுஷனுக்கு நிழலில் நிற்கக்கூடத் தெரியவில்லையே என்று நினைத்தேன்.